முதல் வரிசையில் அமீருதீன் பாய்

அந்தக் காலத்தில் ராயபுரம் அமீருதீன் பாய்க்கு மூச்சு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்ததில்லை. துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை. வெள்ளிக்கிழமை பகலில் கூட்டாளி மொஹ்சினோடு ஓடிவந்து பள்ளிவாசல் குழாயில் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளு செய்தால் தண்ணீர் கறுப்பாகத்தான் ஓடும். முதல் வரிசையில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுவார்கள். அல்லாஹ் கொடுத்த நல்ல நாட்கள்.

இப்போது நுரையீரல் நாள்பட்ட நோயில் விழுந்துவிட்டது. தெருமுனை வரை நடந்தாலே தோள் மேலே ஏறும், கழுத்து புடைக்கும், காறையெலும்புக்கு மேலே குழி விழும். மனைவி ஜன்னத் அவரை ஒரு குவளை தண்ணீர்கூட எடுக்க விடுவதில்லை. பள்ளிவாசலிலும் கடைசி வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். முடியாதவருக்கு அதுவும் தொழுகைதான். ஆனாலும் மொஹ்சினின் முதுகைப் பார்த்துக்கொண்டு தொழுவது அவருக்கு என்னவோ போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ரமாபாயிடம் கேட்டே விட்டார்.

"வரிசைல நின்னு தொழணும்மா. ஒரு வாட்டியாவது."

"மூச்ச இழுக்குற சதை நெஞ்சுக்குக் கீழ கீது பாய். அது தளந்துட்டதால கழுத்தும் தோளும் சேந்து இழுக்குது. ஆனா காலு கெட்டது நோயால மட்டும் இல்ல. உக்காந்தே கீறீங்க, தொடைல சதையே இல்ல."

கூட வந்திருந்த ஜன்னத்தின் முகம் வாடியது. "நல்லதுன்னு நெனச்சித்தாம்மா செஞ்சேன்."

"இனிமே தண்ணிய அவரே மொண்டு குடிக்கட்டும்மா."

மூச்சு முட்டினால் எப்படி நிற்பது என்றும் ரமாபாய் காட்டினாள். குனிந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விட வேண்டும். பாய் சிரித்துவிட்டார்.

"இது எங்க தொழுகைல வர்ற ருகூதானேம்மா. சின்ன வயசுலேந்து இப்டித்தான் குனிஞ்சிகினு கீறேன்."

தொடைக்குப் பலம் வரக் கட்டிலில் இருந்து எழுவதும் உட்காருவதுமாக மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை நாற்காலியைத் தாண்டிப் போய் மொஹ்சின் பக்கத்தில் நின்றார். தோள் ஒட்டியது. ருகூவில் குனிந்ததும் மூச்சு தானாக இறங்கியது. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோதுதான் நெஞ்சை நெருக்கியது. எழ முடியவில்லை. தொழுகைக்கு நடுவில் மொஹ்சின் கைகொடுக்கவும் வழியில்லை. மிச்சத் தொழுகையை அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து முடித்தார்; வரிசையை விட்டு நகரவில்லை.

ஸலாம் கொடுத்ததும் மொஹ்சின் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"இன்னா மாமு, கரிக்கூடை தூக்கின ஆளு, பாதிலயே குந்திகின?"

"பாதி நின்னேன் இல்ல," என்றார் பாய், மூச்சை இழுத்து இழுத்து. "மீதிய அடுத்த வெள்ளிக்கு வச்சிகீறேன். எடத்த எவனுக்கும் குடுத்துடாத."