வெதூரியா நடத்திவைத்த விவாகரத்து

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, அவளுடைய அலுவலகக் கதவுக்குத் தானாக மூடும் கருவி பொருத்தியது. மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. நான் லிஃப்ட் பராமரிக்கும் இன்ஜினியர். எனக்கு அது சின்ன வேலை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாதான் அதைப் பெரிதாக்கினாள்.

"இன்னும் மெதுவா சாத்தணும்டி."

"இதுக்கு மேல மெதுவான்னா கதவே சாத்தாதும்மா."

"கோவத்துல கிளம்புறவங்களுக்குக் கதவை அறையுற சுகத்தைக் கொடுக்கக்கூடாது. அது மெதுவா சாத்தினா பாதிப் பேரு அதுக்குள்ள திரும்பி வந்துடுவாங்க."

திருகாணியை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். அவளுக்குத் திருப்தி. ஏப்ரலில் இறந்துவிட்டாள். இதயம்.

அம்மாவின் பெயர் வெதூரியா. ருமேனியாவின் பிரைலா நகரத்தில் விவாகரத்துச் சமரசம் செய்துவந்தாள். அதற்கு முன் நீதிமன்றத்தில் எழுத்தர். சமரசம் என்றால் சேர்த்துவைப்பது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அவள் யாரையும் சேர்த்துவைத்ததில்லை. ஒழுங்காகப் பிரித்துவைப்பாள்.

அவள் வாழ்க்கையில் பெரிய நாள் எது என்று கேட்டால், சில வருடங்களுக்கு முன் வந்த தேன் லாரி நாளைத்தான் சொல்வேன். அவள் அறையில் பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது விதி. லாசரும் அனிஷோராவுமே எழுதச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

அவர்கள் கணவன் மனைவி. அவர்களிடம் ஒரு பழைய லாரி இருந்தது. இரண்டு பக்கமும் தேனீப் பெட்டிகள், நடுவில் ஓர் ஆள் படுக்கும் அறை. மே மாதம் தெற்கே மணல்காட்டில் அகேசியா மரங்கள் பூக்கும். லாரி அங்கே போகவேண்டும். பிறகு மற்ற பூக்கள் உண்டு என்றாலும் வருட வருமானத்தில் பாதி அகேசியாதான். அது பூத்துக் கொட்டுவதற்குப் பத்து நாள் போதும்.

அந்தப் புதன்கிழமை பூத்துவிட்டது. மறுநாள் காலை நீதிமன்றத்தில் விசாரணை. வழக்கு முடியும்வரை லாரிக்கு முத்திரை வைக்கவேண்டும் என்று அனிஷோராவின் வக்கீல் மனுப் போட்டிருந்தார். முத்திரை வைத்தால் லாரி தனக்கும்தான் நகராது என்பது அன்று மதியம்தான் அவளுக்கு உறைத்தது. அம்மாவுக்குப் போன் செய்தாள்.

வந்தவர்கள் நான்கு பேர். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தவறு இது. தம்பதிக்குள் சண்டை வந்தால், கல்யாணத்தில் சாட்சியாக, ஞானப்பெற்றோராக நின்ற மூத்த தம்பதியிடம்தான் போய் நிற்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் விவாகரத்துக்கும் அவர்களையே கூட்டிவந்துவிட்டார்கள். ஞானத்தகப்பன் கிரியாக், டான்யூப் நதியில் மீன்பிடித்து ஓய்ந்தவர். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு வாளி மீனோடு வந்தார். அவர் மனைவி பராஸ்கிவா முன்னாலேயே அழுதுகொண்டு வந்தாள். அம்மாவின் அலுவலகம் எங்கள் வீட்டின் முன்னறைதான்; நான் பக்கத்துச் சமையலறையில் அவளுடைய பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

"வேணாம்டா கண்ணுங்களா," என்றாள் பராஸ்கிவா. "நாங்கல்லாம் இத்தன வருஷம் சேர்ந்து இல்லையா?"

"அதுல பேசிக்கிட்டது எத்தன வருஷம்னு கேளு," என்றார் கிரியாக்.

ஐந்து நிமிடத்தில் அவர் அனிஷோரா பக்கம், அவள் லாசர் பக்கம். அம்மா இருவரையும் மீன் வாளியோடு சமையலறைக்குத் தள்ளிவிட்டாள்.

பிறகு தம்பதியிடம் கணக்கைச் சொன்னாள். எல்லோரிடமும் சொல்வதுதான். "எனக்கு ரெண்டு பேரும் சேர்ந்து கொடுக்கப்போறது ரெண்டாயிரம் லேய். நாலு பெட்டித் தேனீயோட விலை. அங்க போனா நீதிமன்றக் கட்டணம், ரெண்டு வக்கீல், லாரிக்கு விலை போட ஒரு நிபுணர், அவரு போட்டது தப்புன்னு சொல்ல இன்னொரு நிபுணர். முன் சக்கரம் உன் வக்கீலுக்கு, பின் சக்கரம் அவன் வக்கீலுக்கு. கொட்டு மட்டும் உங்களுக்கு."

"எனக்கு வராட்டி அவளுக்கும் வரக்கூடாது," என்றான் லாசர்.

"கேட்டீங்களா வெதூரியாம்மா? இதோடதான் குடித்தனம் பண்ணேன்."

லாசர் எழுந்தான். மூடும் கருவி இல்லாத காலம் அது; கதவை அறைந்தான். கண்ணாடி அதிர்ந்தது. தடதடவென்று படியிறங்கினான். லாரிச் சாவி மேஜையிலேயே கிடந்தது. திரும்பி வந்து எடுக்க ரோஷம் விடவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று சிகரெட் பற்றவைத்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாலையில் தேனீக்கள் கூடடைந்ததும் லாரி கிளம்பியாகவேண்டும்.

அப்போதுதான் சமையலறையில் வெடித்தது.

"அந்தப் பொண்ணு பக்கம் பேசுறியா நீ? சரி, நாமளும் பிரிஞ்சுக்கலாம்," என்றாள் பராஸ்கிவா. "முதல்ல இந்த மீனைப் பிரி!"

"பிரிக்கிறேன்டி! என்ன பெரிய மீன்!"

வாளியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கிரியாக் சட்டென்று முதுகைத் திருப்பி நின்றார். ஆயுள் முழுக்கப் படகில் செய்த பழக்கம். மீன் பங்கிடும்போது ஒருவர் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒன்றைத் தொட்டு "யாருக்கு?" என்பார். பார்க்காதவர் பெயர் சொல்வார். அதற்குமேல் யாரும் முணுமுணுக்கக்கூடாது.

"யாருக்கு?"

"எனக்கு!"

"யாருக்கு?"

"உனக்கு!"

தெருவரை கேட்டது. பராஸ்கிவாவின் கை இருப்பதிலேயே பெரிய மீனின் மேல் நின்றது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "யாருக்கு?"

"உனக்கு!" என்று கத்திவிட்டுத் திரும்பியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி, அதையா தொட்ட?"

"நீதானேய்யா சொன்ன!"

வாசலில் ஒரு சிரிப்பு. அனிஷோரா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா. அவளுக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த லாசர். "கொலை விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்," என்றான்.

அம்மா விடவில்லை. அங்கேயே, மீன் நாற்றத்தில், கேட்டாள்.

"லாசர், லாரி உனக்கு எதுக்கு?"

"தேனுக்குத்தான்."

"உனக்கு?"

"தேனுக்குத்தான்," என்றாள் அனிஷோரா.

"அப்புறம் ஏன்டா லாரியைப் பிரிக்கிறீங்க? தேனைப் பிரிங்க!"

நான் கையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றேன்.

"லாரியை யாரு ஓட்டுறது?" என்றான் லாசர்.

"நீதான். எனக்கு ஓட்டத் தெரிஞ்சிருந்தா எப்பவோ ஓடிப்போயிருப்பேன்."

"கூட்டைத் திறக்கிறது?"

"நான்தான். உனக்கு ஒரு கொட்டு பட்டாலே மூஞ்சி பூசணிக்கா ஆயிடுமே."

"படுக்கிறது?"

"நீ டிரைவர் சீட்டுல, நான் உள்ள. இப்ப மட்டும் வேற எப்படியாம்?"

முடிவு இதுதான்: கணவன் மனைவி என்ற உறவிலிருந்து பிரிவது. லாரியில் மட்டும் கூட்டாளிகளாக இருப்பது. தேனை ஒரே அளவு வாளிகளில் ஊற்றி மீன்போலப் பங்கிடுவது. ஒன்றுதான் மிச்சம்: முதுகைத் திருப்பி நின்று பெயர் சொல்வது யார்? இருவரும் ஞானப்பெற்றோரைப் பார்த்தார்கள்.

"அவங்க வேணாம்!" என்றார்கள் ஒரே குரலில். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னைக் காட்டுக்கு இழுக்குறீங்களா?" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

நான் பிரிண்டரை மாட்டினேன். முதல் தாள் சுருண்டது. உருளையைத் துடைத்தேன். இரண்டாவதும் சுருண்டது. வெளியே வெளிச்சம் குறைந்தது. "சீக்கிரம்டி, சீக்கிரம்!" என்றாள் அம்மா, என் தோளைக் குலுக்கிக்கொண்டே. மூன்றாவது தாள் ஓடியது! ஒப்பந்தம் முழுவதும் ஓடியது. கையெழுத்து. அனிஷோரா வக்கீலுக்குப் போன் போட்டு மனுவைத் திரும்பப் பெறச் சொன்னாள். அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தேனீக்கள் கூடடைந்த நேரத்தில் அந்த லாரி எங்கள் தெரு வழியாகவே தெற்கே போனது, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு. அம்மா நடுரோட்டில் நின்று கையாட்டினாள். பராஸ்கிவா பெரிய மீனை எங்கள் வீட்டில் வைத்தே பொரித்தாள். கிரியாக் பாதியைத் தின்றார்.

விவாகரத்தை நீதிமன்றம் ஒரே அமர்வில் உறுதிசெய்தது. அதன்பிறகு ஒவ்வொரு மே மாதமும் அம்மா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மணல்காட்டுக்குப் போனாள். வாளிகளுக்கு முதுகைக் காட்டி நின்று பெயர் சொன்னாள். அதற்கு ஒரு லேய்கூட வாங்கியதில்லை. இந்த வருடமும் வருவதாகப் பிப்ரவரியிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள்.

நேற்று அனிஷோரா போன் செய்தாள். தேன் எடுத்தாயிற்று, நல்ல விளைச்சல் என்றாள்.

"வாளியெல்லாம் வரிசையா வச்சிருக்கோம். பிரிக்கல."

லாசர் போனை வாங்கினான். "உனக்கு எப்ப முடியுதோ அப்ப வந்து பேர் சொல்லும்மா. தேன் கெட்டாபோகும்?"

அம்மாவின் பூட்ஸ் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வாளிகள் அங்கே மூடியோடு நிற்கின்றன. இன்னும் யார் பெயரும் சொல்லப்படவில்லை.