மூணு துணிதான் நனைந்தது

ஈரத்துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசம் எழும்... வெந்த பருத்தியும் பேபி சோப்பும் கலந்த வாசம். என் மகள் பிறந்த முதல் வாரம், வீடு முழுக்க அதுதான்.

ஐப்பசி மழை. எங்கள் மலைக் கிராமமான பேத்துப்பாறையில் நாலு நாளாக மூடுபனி விலகவே இல்லை. கொடியில் போட்ட துணி எதுவும் காயாது. என் கணவர் ராபின் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர். லீவு போட்டுவிட்டு, குழந்தைக்கு விரிக்கும் வேட்டித் துணிகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டே காயவைத்தார்.

நான் கட்டிலில் கிடந்தேன். உட்கார்ந்தால் தையல் சுண்டி இழுக்கும். எனக்கு அம்மா இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த ராபினின் அக்காதான் சோறு கொண்டுவருவார். மதினி என்று கூப்பிடுவேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்... பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்கும் என்றார்கள். எனக்குப் பொங்கவில்லை. தூக்கம்தான் வந்தது. நல்லவேளையாக அவளும் தூங்கினாள். அழவே மாட்டாள்.

"மூணு பெத்தேன், ஒண்ணுகூட இப்பிடித் தூங்கல. நல்ல புள்ள இது" என்றார் மதினி. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாவது நாள் காலையில் கிராம நர்ஸ் வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார்.

"எத்தன தடவ பால் குடிக்கிது?"

"முழிச்சாக் குடுக்கேன்."

"எத்தன தடவ முழிக்கிது?"

நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் ராபின் பக்கம் திரும்பினார். "தம்பி, நேத்து எத்தன துணி நனஞ்சிச்சு?"

ராபின் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மொதல்ல நெறைய இருந்துச்சுங்க. நேத்து மூணுதான். சோலி கொறஞ்சிருச்சேன்னு..." பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சமத்தாத் தூங்கலப்பா. முழிக்கத் தெம்பில்லாமக் கெடக்கு. பாலு பத்தாமத்தான் துணி நனையல. ஒடம்பும் மஞ்சளாயிருக்கு. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

சோறு கொண்டுவந்திருந்த மதினி தயங்கினார். "எளவெயில்ல காட்டுனா சரியாயிரும்பாங்களே..."

"வெயிலு எங்கம்மா இருக்கு? இருந்தாலும் அது பத்தாது இதுக்கு."

கொடைக்கானல் போகும் வழியெல்லாம் பனி. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. ராபின் ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரன் அடித்தபடியே ஒவ்வொரு வளைவாக ஓட்டினார். நான் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். லேசாக முகம் சுளித்தாள். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பாசம் என்று அவர்கள் சொன்னது இதுவாக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் அவளை நிறுத்துப் பார்த்தார்கள். எடை நன்றாகக் குறைந்திருந்தது. ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் இறங்க, கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கவேண்டும், உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டவேண்டும்... எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ராபின் ஒரு நோட்டு வாங்கிவந்து, பால் குடித்த நேரத்தையெல்லாம் குறித்துவைத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம், எழுப்பாமலேயே எழுந்து வீறிட்டு அழுதாள். வார்டே திரும்பிப் பார்த்தது. ராபின் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"நான் கவனிச்சிருக்கணும் சிஸ்டர்" என்றேன்.

"மொதப் புள்ள. ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? மொதல்ல பாலக் குடு, பசியில கத்துது" என்றார் அந்த வார்டு நர்ஸ்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மதினி வாசலுக்கே வந்துவிட்டார். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. ஸ்கூல் வேனில் என் கையை உதறிவிட்டு ஏறுகிறாள். நல்ல உயரம், நல்ல சாப்பாடு. இப்போதெல்லாம் பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்தில் ஸ்டேட்டஸில் போட்டோ வந்துவிடுகிறது... எங்கள் ஆல்பத்தில் அவளுடைய முதல் போட்டோவே ஒரு மாதத்துக்கு அப்புறம் எடுத்ததுதான்.

போன வாரம் கேட்டாள். "அம்மா, நான் பொறந்தப்ப எடுத்த போட்டோ ஏன் இல்ல?"

"போன் ரிப்பேரு" என்றேன்.

போன் நன்றாகத்தான் இருந்தது. எடுக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் அவளிடம் சொல்லவேண்டும். முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.