வெள்ளிக்கிழமை வைத்த சோயாக் கறி

ஆடு மாடுகளை இறைச்சிக்காகவே வளர்ப்பதால் நிலத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கேடு என்று என் மகள் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். அதிலிருந்து ஆட்டுக்கறிக்குப் பதிலாக, சோயாவில் கறி போலவே செய்து பாக்கெட்டில் வருவதை மன்னார்குடியில் வாங்கிச் சமைத்துவந்தேன். ஞாயிறுதோறும் என் கணவர், "இதெல்லாம் கறியே இல்ல" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கறி சாப்பிட மாட்டோம். அன்றைக்காவது இது எடுபடட்டும் என்று சோம்பு, பட்டை தாளித்து, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். பாபநாசத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் ஸ்டெல்லா, கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து நல்ல பசியோடு உட்கார்ந்தாள். ஒரு துண்டைக் கடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, வெள்ளிக்கிழமையில கறி வச்சிட்டீங்களே!"

"ஐயோ, இது சோயாம்மா" என்று பாக்கெட்டை எடுத்து வந்து காட்டினேன். அதிலோ மட்டன் குழம்புப் படம்தான் பெரிதாக இருந்தது. அவள் கண் கலங்கிக் கைகழுவப் போய்விட்டாள். பொடி எழுத்தைப் படித்துக் காட்டி நம்பவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கணவராவது துணைக்கு வருவார் என்று பார்த்தால், "கறி மாதிரியேதான் இருக்கு. அவ பயப்படாம என்ன செய்வா?" என்கிறார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போதெல்லாம் எதில் செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறுகிறேன். தவக்கால வெள்ளியில் கத்திரிக்காய்க் குழம்புதான். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆட்டுக்கறி வாங்கி, ஆனால் முன்பு வாங்கியதில் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் சோயாவை எல்லோர் கண்ணெதிரிலேயே சேர்க்கிறேன். முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், சட்டி காலியாகிறதே!

- ஒரு வாசகி, குடவாசல்