தட்டு டீச்சரும் எட்டுச் செங்கல்லும்

தட்டு டீச்சருக்குக் கோபமே வராது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். தினமும் வரும். ஆனால் அதைக் கொட்டித் தீர்க்க ஓர் ஆள் சிக்க வேண்டாமா? எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். தலையாட்டுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் டீச்சரே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண் பாதுகாப்பு அலுவலகத்தில் கள உதவியாளர். பள்ளிக்கூடங்களுக்கும் தெருச் சங்கங்களுக்கும் போய், மழையில் மண் கரைந்து ஓடாமல் எப்படித் தடுப்பது, ஓடுகிற தண்ணீரை எப்படி நிலத்துக்குள் இறக்குவது என்று சொல்லிக் கொடுப்பது வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை, அதே இரண்டு அலுமினியத் தட்டுகள். ஒன்றில் வெறும் மண். இன்னொன்றில் புல் முளைத்த மண். இரண்டையும் மேசைமேல் சாய்த்து வைத்து, கீழே தட்டுக்கொரு கண்ணாடி ஜாடி. பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவார். வெறும் மண் தட்டிலிருந்து செங்குழம்பு இறங்கும். புல் தட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர். அவ்வளவுதான் வித்தை. பிள்ளைகள் "ஓ" என்பார்கள், பெரியவர்கள் கைதட்டுவார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயும் பிஸ்கெட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். போனதும் என்ன செய்வார்கள்? வாசலில் மிச்சமிருக்கும் நாலடி மண்ணுக்கும் சிமெண்ட் பூசுவார்கள். சேறு ஒட்டுகிறதாம்.

அந்தத் தெருவில் எழுபத்திரண்டு வீடுகள். டீச்சர் போக ஆரம்பித்தபோது பாதி வீட்டு வாசலில் மண் இருந்தது. இப்போது மூன்று வீட்டில் இருக்கிறது, அதில் ஒன்று பூட்டிக் கிடக்கும் வீடு. பெய்கிற மழை மொத்தமும் வழுக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டின் தலையில் விழும். அங்கிருந்து மேட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். கீழே சுற்றுச்சுவரை ஒட்டி ஒற்றை அறை. அதில் பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மாவும் அவர் புருஷனும் குடியிருந்தார்கள்.

புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செத்துப்போய் ஏழு வருஷம் ஆகிறது. கட்டிலே கதி. மழைக்காலம் வருகிறது என்றால் ஆயாம்மா கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல் வீதம் எட்டுச் செங்கல்லை முட்டுக் கொடுத்து உயர்த்திவிடுவார். போன வருஷம் சேறு முழங்கால் அளவுக்கு உள்ளே வந்தது. அந்த எட்டுச் செங்கல்தான் அவரைக் காப்பாற்றியது.

அதைப் பார்க்கப் போன அன்றைக்குத்தான் டீச்சர் வாயைக் கொடுத்தார். சுவரில் சேறு நின்ற கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் உங்க வாசப்படிக்குச் சேறு வராது ஆயாம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

"நிஜமாவா டீச்சர்?"

"நிஜமா."

கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். "எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கடி. இவங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் கையெழுத்துதானே."

கேலிதான். ஆனால் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த மழை ஓய்ந்த கையோடு வேலையை ஆரம்பித்தார். கொத்தனாரிடம் கெஞ்சி மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வாங்கி வந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மேட்டின் குறுக்கே ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கோடு போட்டு, ஏழு வரிசையாக வேர் ஆழமாக இறங்கும் புல்லை நட்டார். வரிசைக்கு நடுவே விழும் சருகை யாரும் பெருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பத்து மாதத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. பார்க்க லட்சணமாக இருந்ததா என்றால் இல்லை. நாலு நாள் சீப்புப் படாத தலைபோலத்தான் இருந்தது. இருந்தால் என்ன? வேர் பிடித்துக்கொண்டதே. தெருச் சங்கச் செயலாளருக்கு மட்டும் அது கண்ணை உறுத்தியது. பாம்பு வரும், கொசு வரும் என்று மாதம் ஒரு புகார். அவர் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கு என்றால் உயிரை விடுவார்.

இந்த நேரத்தில்தான் அந்தத் தெரு 'மாதிரிப் பகுதி'யாகத் தேர்வாகியிருக்கிறது, சனிக்கிழமை மேலதிகாரி நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார் என்று கடிதம் வந்தது. அதே வாரம் டீச்சரை மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். பயிற்சியின் தலைப்பு என்ன தெரியுமா? 'மக்களைப் பங்கேற்க வைப்பது எப்படி.' இதற்கு மேல் என்ன சொல்ல.

சனிக்கிழமை காலை தட்டுகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். மேடு இருந்த இடத்தில் மேடு இருந்தது. புல்தான் இல்லை. ஒரு தூர் கூட இல்லை. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, விளக்குமாற்றால் கோடு தெரியப் பெருக்கியிருந்தார்கள். நடுவில் 'மண்ணைக் காப்போம்' என்று புதுப் பலகை. அதைச் சுற்றி வெள்ளையடித்த செங்கற்கள்.

டீச்சர் பையை அப்படியே தரையில் வைத்தார்.

செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"எப்படி டீச்சர்? நீங்க இல்லாத குறையே தெரியாம முடிச்சிட்டோம் பாத்தீங்களா. மூணு நாள், வீட்டுக்கு ஒரு ஆள். பெரிய ஆபீசர் வர்ற இடம், காடு மாதிரி கெடந்தா நம்ம மானம் என்னாகும்?"

"புல் எங்க சார்?"

"அதெல்லாம் நேத்தே குப்பை வண்டியில ஏத்தி அனுப்பியாச்சு."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கொப்புளம். "ஒரு வேர் கூட விடல டீச்சர். ரொம்ப கெட்டியா புடிச்சிருந்துச்சு." பாராட்டுக்குக் காத்திருந்தாள். அந்தப் பிள்ளையை என்னவென்று திட்டுவது? டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவச் சொன்னார்.

பிறகு செயலாளரைத் தனியே அழைத்துப் போனார்.

"சார், இத்தனை வருஷமா நான் தட்டு வச்சுக் காட்டுறேனே, அதுல முதல் தட்டு என்ன?"

"வெறும் மண்ணு. தண்ணி ஊத்தினா கரைஞ்சு ஓடும். எனக்குத் தெரியாதா?" ஜாடியில் எவ்வளவு சேறு நிற்கும் என்பதைக்கூட விரலால் அளந்து காட்டினார்.

"இப்ப நீங்க பண்ணி வச்சிருக்கிறது என்ன?"

செயலாளர் மேட்டைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"அது தட்டு டீச்சர். இது மேடு."

பத்தொன்பது வருஷம். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கூட்டம், எத்தனை பூவாளித் தண்ணீர். தலையில் அடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது அவருக்கு. வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"சார், சாக்கு இருந்தா கொடுங்க. மண்ணு நிரப்பிக் குறுக்கால போட்டா கொஞ்சமாவது தாங்கும்."

"விழா முடியட்டும் டீச்சர். இவ்வளவு அழகா இருக்கிற இடத்துல இப்பப் போயி சாக்கு மூட்டையா?"

அதற்குள் மேலதிகாரியின் கார் வந்துவிட்டது. இங்கேதான் டீச்சர் ஒரு தப்பு செய்தார். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே எட்டில் கீழே ஓடி, ஆயாம்மா அறையை எட்டிப் பார்த்திருக்கலாம். ஓடவில்லை. மழை சாயங்காலம்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எப்படியும் கட்டில் செங்கல்மேல்தானே இருக்கும் என்றும் நினைத்தார். அதிகாரி வந்து நிற்கும்போது கள உதவியாளர் காணாமல் போனால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. மேசையை இழுத்துப் போட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தார்.

அதிகாரி பளபளக்கும் ஷூவோடு மேட்டில் நாலு எட்டு நடந்துவிட்டு, "எவ்வளவு சுத்தமான பராமரிப்பு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சான்றிதழைச் செயலாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்தது செய்முறை விளக்கம். டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் கோரஸாகச் சொல்லத் தொடங்கினார்கள். "வெறும் மண் கரையும், புல் உள்ள மண் காக்கும்." ஒரு சொல் பிசகவில்லை. டீச்சர் பூவாளியைத் தூக்கினார்.

மழை அவரை முந்திக்கொண்டது.

தூறல் என்று ஒன்று இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. அதிகாரி காருக்குள் ஓடினார், கூட்டம் பள்ளி வராந்தாவுக்கு ஓடியது. மேசையில் முதல் தட்டு கரைந்து ஜாடி நிரம்பி வழிந்தது. தெருக்கோடியிலிருந்து தண்ணீர் உருண்டு வந்து மேட்டில் விழுந்ததும், கொத்திப் போட்டிருந்த மண் மொத்தமாக நகர்ந்தது. வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கொப்புளக் கைக்காரப் பெண் மட்டும் மெதுவாக, "டீச்சர், இது முதல் தட்டு" என்றாள்.

டீச்சரின் கண் ஆயாம்மாவைத் தேடியது. அவர் ஓரமாக நின்று, நனைந்த நாற்காலிகளை நிதானமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, என்ன பண்றீங்க? வீட்டுக்கு ஓடுங்க. அவர் தனியா இருக்காரே."

"இருக்கட்டும் டீச்சர். இந்த வருஷம்தான் சேறு வராதே."

டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். கொப்புளக் கைக்காரப் பெண் எல்லாருக்கும் முன்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் வகுப்பே வந்தது. செயலாளர் சான்றிதழை யாரிடமோ கொடுத்துவிட்டுச் செருப்பை உதறிவிட்டு வந்தார். அதையும் சொல்ல வேண்டும். கதவைச் சேறு அழுத்திப் பிடித்திருந்தது, நாலு பேர் தோள் கொடுத்த பிறகுதான் திறந்தது. உள்ளே கட்டில் சட்டத்துக்கு மேலே சேறு ஏறியிருந்தது. மனிதர் முழங்கையை ஊன்றித் தலையை மட்டும் தூக்கிப் பிடித்தபடி கிடந்தார், மோவாய் வரை சேறு. செயலாளரும் டீச்சரும் தோள்பக்கம் பிடித்தார்கள், மற்றவர்கள் கால்பக்கம். வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டுத் துடைத்துப் போர்வை சுற்றினார்கள். நடுக்கத்தில் பல் கிட்டித்துவிட்டது. பேச்சு வர வெகு நேரம் ஆயிற்று.

மதியம் மழை விட்டதும் டீச்சர் மண்வெட்டியோடு அறைக்குள் போனார். அள்ள அள்ள வந்தது. கட்டில் கால்கள் தெரிந்தபோதுதான் கவனித்தார். கால்கள் வெறும் தரையில் நின்றன.

"செங்கல் எங்க ஆயாம்மா?"

ஆயாம்மா கூடையைக் கீழே வைத்தார். "பலகையைச் சுத்தி வைக்கணும், செங்கல் வேணும்னு செயலாளர் கேட்டாரு. கொடுத்துட்டேன்."

"மழைக்காலத்துல அதைப் போயா கொடுப்பீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க டீச்சர், இனிமே வராதுன்னு. அவங்க புல்லை வெட்டுறப்ப கூட நினைச்சேன். அப்புறம், நீங்க சொல்லித்தான் செய்யறாங்கன்னு விட்டுட்டேன். எனக்கென்ன தெரியும்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். ஊரெல்லாம் தலையாட்டியது, கைதட்டியது, கையெழுத்துப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை முழுசாக நம்பியவர் ஆயாம்மா ஒருவர்தான், அதுவும் புருஷன் உயிரை வைத்து நம்பியிருக்கிறார்.

டீச்சர் மேட்டுக்கு ஏறினார். பலகை சாய்ந்து கிடந்தது. சேற்றைக் கிளறிச் செங்கற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். செயலாளரும் வந்து பக்கத்தில் குனிந்தார். எட்டும் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கீழே கொண்டுவந்து, செயலாளர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, டீச்சர் காலுக்கு இரண்டாகச் செருகினார். ஈரச் சுண்ணாம்பு கையெல்லாம் அப்பியது.

ஆயாம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் புல் நடுவீங்களா டீச்சர்?"

"நடுவேன்."

"அது வளந்ததும் செங்கல்லை எடுத்துடலாமா?"

டீச்சர் கையைச் சேலையில் துடைத்தார்.

"எடுக்காதீங்க ஆயாம்மா," என்றார். "நானே வந்து சொன்னாலும் எடுக்காதீங்க."