லீவில் நான், சுவரில் என் சேர்ட்டிபிகேட்

ஜனவரிச் சம்பளத்தோடு எல்லாருக்கும் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். கேஷியருக்கு, கவுண்டரில் நிற்பவர்களுக்கு, வாசலில் இருக்கும் செக்கியூரிட்டிக்குக்கூட. எனக்கு மட்டும் பழைய சம்பளம்தான். பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் அது.

அப்போது வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு பார்மசியில் நான் பார்மசிஸ்ட். டொக்டர் எழுதிய துண்டை வாசித்து மருந்து எடுத்துக் கொடுப்பேன். டோஸ் பிழையாகத் தெரிந்தால் டொக்டருக்கே போன் எடுத்துக் கேட்பேன். யாருக்கும் பயந்து பழக்கமில்லை. இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் நன்றாகக் கதைக்கிறார்கள், சம்பளம் என்றதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி கெட்ட மனிதர் அல்ல. சாமி படத்துக்குப் பூ வைக்காமல் கல்லாவைத் திறக்கமாட்டார். செலவு என்று வந்தால் மட்டும் அவருக்குக் காது கேளாது. போய்க் கேட்டேன்.

"பிள்ளை, வருஷம் முழுக்க நிண்டு வேலை செய்தவைக்குத்தான் இன்கிரிமென்ட். நீங்கள் கனநாள் வீட்டில இருந்தனீங்களல்லோ. அதுக்கும் சம்பளம் தந்தனான். அடுத்த வருஷம் பாப்பம்."

வீட்டில் இருந்தேனாம். தையல் காயாத வயிற்றோடு, இரவு எது பகல் எது என்று தெரியாமல் கிடந்தவளை, நுவரெலியாவுக்கு டூர் போய் வந்தவள் மாதிரிக் கதைத்தார். கண் கலங்கியது. அழுகையில்லை, கோபம்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டு லேபர் ஒபிசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. என் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார். வருடா வருடம் சம்பளம் கூட்டியே ஆகவேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இல்லையாம். ஆனால் பிரசவ லீவு என் உரிமை, முதலாளி காட்டும் தயவு அல்ல. மற்ற எல்லாருக்கும் கூட்டிவிட்டு, அந்த லீவைக் காரணம் காட்டி எனக்கு மட்டும் நிறுத்தினால் முறைப்பாடு கொடுக்கலாம். முதலில் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார்.

எழுதிக் கேட்கலாம் என்ற முடிவோடு கடைக்கு வந்தேன். அன்று ஒரு வாடிக்கையாளர், நான் லீவில் இருந்தபோது வாங்கிய மருந்தைப் பற்றி ஏதோ விசாரித்தார். நான் போகுமுன்பே எனக்குப் பதில் ஒரு பார்மசிஸ்டைப் போடச் சொல்லியிருந்தேன். போட்டாயிற்று என்றுதான் முதலாளியும் சொன்னார். அந்த ஆளின் போன் நம்பரை கேஷியர் நளீம் நானாவிடம் கேட்டேன்.

"ஆரு வந்தா மிஸ்? ஒத்தரும் வரல்ல. ஒங்கட சேர்ட்டிபிகேட் செவுத்துல இருக்கிதானே, அது போதும்னு முதலாளி சொன்னாரு."

பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் பார்மசி நடத்தக்கூடாது. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் பெயரில் இங்கே மருந்து விற்றிருக்கிறார்கள். யாருக்காவது மருந்து மாறியிருந்தால்? நேரே முதலாளியின் அறைக்குப் போனேன்.

"ஐயா, நான் லீவில நிண்ட காலம் கடைக்கு ஆர் பார்மசிஸ்ட்?"

"நீங்கள்தானே பிள்ளை. சேர்ட்டிபிகேட் உங்கடதானே."

"அப்ப நான் வேலையில இருந்தனான். இன்கிரிமென்ட் வரவேணும். இல்லை, வீட்டில சும்மா இருந்தனான் எண்டா, கடை பார்மசிஸ்ட் இல்லாமல் நடந்திருக்கு. ரெண்டில எது எண்டு எழுதித் தாங்கோ. லேபர் ஒபிசில காரணம் கேக்கினம்."

அவர் கல்குலேட்டரை எடுத்தார், வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. இப்பிடிக் கதைக்கலாமோ?"

"வீட்டுப் பிள்ளை எண்டபடியாத்தான் முதல் உங்களிட்டக் கேக்கிறன், ஐயா."

வெளியே வந்து சுவரிலிருந்த பிரேமைக் கழற்றினேன். நளீம் நானா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அதைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"இன்கிரிமென்ட் வேற, இது வேற. நீங்கள் கூட்டித் தந்தாலும் தராட்டியும் இனி இப்பிடித்தான். நான் நிக்கேக்க இது சுவரில இருக்கும். லீவில போனா என்னோட வரும்."

அவர் கவுண்டர் பக்கம் எட்டிப் பார்த்தார். "திரும்பச் சுவரில கொழுவிவிடுங்கோ பிள்ளை, ஆக்கள் பாக்கினம்" என்றார். அடுத்த மாதச் சம்பளத்தில், விடுபட்ட ஜனவரிக்கும் சேர்த்து உயர்வு வந்தது. மன்னிப்பு வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று அந்தக் கடையில் தலை நிமிர்ந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். லேபர் ஒபிஸ் படியேறியது வீண்போகவில்லை. எது என் உரிமை, எது இல்லை என்று தெரிந்துகொண்டு போனதால்தான் குரல் நடுங்காமல் கேட்க முடிந்தது.

இரண்டாவது பிள்ளைக்கு லீவு எடுத்தபோது, பதில் பார்மசிஸ்ட் வந்து வேலையை ஏற்ற பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அந்த ஜனவரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போனில் வந்த பேங்க் மெசேஜைப் பார்த்தேன். சம்பளம் கூடியிருந்தது. நான் கேட்கவேயில்லை.

"முதலாளிக்கு ஒரு கோல் எடுத்து நன்றி சொல்லன்" என்றார் கணவர்.

"எதுக்கு? அது என்ர சம்பளம்" என்றேன்.