நஞ்சுக்கொடியோடு வந்த பிள்ளை

ஐந்தாம் மாதத்தில் மருத்துவச்சி என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு இருக்குதும்மா" என்றாள். அன்று முழுக்க எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். மாமியார் பழைய மல் துணியை எடுத்துச் சின்னச் சட்டைகளை ஜோடி ஜோடியாகத் தைக்க ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பயமாக இருந்தது. முதல் பிரசவம், அதிலும் இரண்டு. கூடவே கொஞ்சம் கர்வமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த மாதம் ஒருநாள் அடிவயிறு வலித்து லேசாக உதிரம் பட்டது. படுக்க வைத்தார்கள், நின்றுவிட்டது. பிறகு வந்து பார்த்த மருத்துவச்சி, "ஒண்ணுதாம்மா. அன்னிக்கி நான்தான் தப்பா சொல்ட்டேன்" என்றாள். யாருக்கும் பெரிய வருத்தமில்லை. ஒரு பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதாதா?

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இடப்பக்கம் உதைத்துக்கொண்டிருந்தது நின்றுபோயிருந்தது.

"ரெண்டு இருந்துச்சு மாமி. எனக்குத் தெரியும்."

"ஜாஸ்தி யோசிக்காத. ஒடம்பு பேஜாராயிடும்" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகும் சொல்லிப் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் 'ரெட்டைக்காரி' என்று கிண்டல் செய்ய ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டேன். எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது நம் வயிற்றின் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

பையன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிறந்தான். நன்றாக அழுதான். நஞ்சுக்கொடி மட்டும் வரவில்லை, உதிரமும் நிற்கவில்லை. வேலூரிலிருந்து வாராவாரம் வந்துபோகும் டாக்டரம்மாவைக் கூட்டிவர என் வீட்டுக்காரர் ஓடினார். நல்ல வேளை, அது அவர் வருகிற நாள். நஞ்சை எடுத்தது அவர்தான். எடுத்ததைத் தட்டில் விரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இரட்டைன்னு யாராவது சொன்னாங்களா?"

மருத்துவச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் "ஆமா" என்றேன்.

நஞ்சின் ஓரத்தில், தனியாக ஒரு பைக்குள், ஒரு சாண் நீளத்துக்கு ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளேயே இறந்து, கூட இருந்தவன் வளர வளர நசுங்கி, நீரெல்லாம் வற்றித் தட்டையாகியிருந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "எல்லா இரட்டையும் ஒரே மாதிரி இல்லம்மா. சிலதுக்கு நஞ்சு ஒண்ணுதான், ரத்தம் ரெண்டுக்கும் பொது. அதுல ஒண்ணு போனா இன்னொண்ணுக்கும் ஆபத்து. சிலது ஒரே பைக்குள்ள இருக்கும், கொடியோட கொடி சிக்கிக்கும். உனக்கு நஞ்சும் தனி, பையும் தனி. அதனாலதான் இவன் பொழச்சான்."

கேட்டது. புரியவும் செய்தது. நான் சொன்னது சரியென்று தெரிந்ததில் நிம்மதியும் இல்லை, துக்கமும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல எனக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது.

மாமியார் அவசரப்பட்டார். "நஞ்சோட சேத்துக் கொல்லைல பொதச்சிடலாம். பச்சப்புள்ள இருக்கிற வீடு, அந்தப் பேச்சே வாணாம்." அவர் கெட்டவர் இல்லை. இருக்கிற பேரனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம்.

"அது புள்ள மாமி. கபர்ஸ்தானுக்குத்தான் போகணும்" என்றேன்.

இத்தனை மாதம் நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கொல்லையில் போட்டால் அது வெறும் கழிவு. எல்லோரும் மறந்துவிடுவார்கள், நானும் மறுபடி ரெட்டைக்காரி ஆகிவிடுவேன். கபர்ஸ்தானில் அடக்கினால்தான் அது என் பிள்ளை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு வந்தார். "கை கால் தெரிஞ்சா துணி சுத்தி அடக்கணுமாம். தொழுகை கெடையாதாம்" என்றார். அவரே வெள்ளைத் துணியில் சுற்றினார். முகத்தைக் காட்டச் சொன்னேன். மூடிய கண், கோடு போட்ட மாதிரி உதடு. யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் வந்தார்கள். ஆண் பிள்ளை என்று மாமியார் சர்க்கரை கொடுத்தார். எனக்கும் ஒரு சிட்டிகை வாயில் போட்டார்கள். தின்றேன்.

அவர் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் முழுக்க மண்.

"பேரு ஒண்ணு வைக்கச் சொன்னாரு ஹஜ்ரத்."

"இன்னா பேரு வெச்சீங்க?"

"ஆணா பொண்ணான்னே தெரில. யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன், ஒண்ணும் வாய்ல வர்ல. உன் பேர சொல்லிட்டேன்."

எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. 'இந்தாம்மா' என்பதோடு சரி. நிக்காஹ் ஆனதிலிருந்து என் பேர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. முதல் தடவையாக அவர் அதைச் சொன்னது அன்றுதான், ஒரு சின்னக் குழிக்கு முன்னால் நின்று. அப்போதும் நான் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், எங்கள் இருவரில் யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிந்திருக்காது.