ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து போன மாதம் கண்மூடிய அந்த அம்மாளுக்கு, அங்கே ‘அவசரம் அக்கா’ என்று பெயர். எதிலும் அவசரப்படாததால் வைத்த பெயர். கணவரின் டீயில் மூன்று ஸ்பூனாக இருந்த சர்க்கரையை, மாதத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்து ஒன்றுக்குக் கொண்டுவந்தவர். எட்டு மாதம் கழித்துக் கடையில் ஒரு டீ குடித்தபோதுதான் மனுஷனுக்கு விஷயமே தெரிந்தது.

அக்காவின் வேலையும் அதுதான். சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் விரியாது. அழுத்தம் ஏறி உடம்பு நீலம் பாரிக்கும். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுவாசத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுத்தால் குழாய்கள் விரியும். அதைத் தரும் கருவியில் எண்ணை இருபதில் ஆரம்பித்துப் படிப்படியாக இறக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் குழாய்களும் சட்டென்று சுருங்கிக்கொள்ளும்.

ஒரு சமயம் அந்தக் கருவியில் இருந்தது ஒரு கணக்கு வாத்தியாரின் பெண் குழந்தை. ஐந்து நாளாக வாத்தியார் கண்ணாடிக்கு வெளியே நின்று கருவியின் எண்ணையே பார்த்தார். இருபது பத்தானது, பத்து ஐந்தானது. அவர் முகமும் கூடவே இறங்கியது.

“நாளுக்கு நாள் குறையுதே சிஸ்டர். எம்பொண்ணு தேற மாட்டாளா?”

“இங்க முட்டை வாங்கினாதான் சார் பாஸ்,” என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு எண் ஒன்றில் நின்றபோது போன் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து இதே கோளாறோடு ஓர் ஆண் குழந்தை ஆம்புலன்ஸில் கிளம்பிவிட்டதாம். வந்து சேர இரண்டு மணி நேரம். இங்கே இருப்பதோ ஒரே ஒரு கருவி.

ஒன்றுதானே என்று டாக்டர் வாயுவை மூடினார். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்று நாலிலிருந்து எழுபத்திரண்டுக்கு விழுந்தது. மறுபடி திறந்துவிட்டு, தப்பு கருவியுடையது என்பதுபோல அதை முறைத்தார்.

அக்கா ஆக்சிஜனைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழியில் ஒருத்தன் வந்துகொண்டிருக்கும்போது அப்படி உட்காரத் தனி நெஞ்சுரம் வேண்டும். டாக்டர் வாட்சைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஒன்றை அரையாக்கினார். முக்கால் மணி நேரம் பொறுத்து மூடினார்.

தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு. டாக்டரின் கை திருகுக்குப் போனது.

“விடுங்க சார். அவளே ஏறி வரட்டும்.”

எண்பத்தாறில் நின்று யோசித்துவிட்டு, குழந்தை தொண்ணூற்றொன்றுக்கு வந்தது.

கருவியை அடுத்த படுக்கைக்கு நகர்த்தி, புதுக் குழாய் மாட்டி, சரிபார்த்து வைத்தார்கள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மறுபடி போன். ஆம்புலன்ஸ் வழியிலேயே திரும்பிவிட்டது. இனி வந்து பயனில்லை. டாக்டர் ‘சரி’ என்று சொல்லி போனை வைத்தார்.

சாயங்காலம் வாத்தியார் கேட்டார்: “அது சும்மாதானே நிக்குது சிஸ்டர்? இன்னும் ஒருநாள் எம்பொண்ணுக்கே வச்சிருக்கலாமே?”

நியாயமான கேள்விதான்.

“பாப்பாவுக்கு இனிமே வேண்டாம் சார். கையைக் கழுவிட்டு வாங்க, தொட்டுப் பாக்கலாம்.”

அவர் கழுவி வருவதற்குள் கருவியைத் தள்ளிப்போய் ஸ்டோர் அறையில் விட்டுவந்தார் அக்கா. அடுத்த படுக்கையில் விரித்திருந்த துணியை மடிக்கத்தான் வெகுநேரம் பிடித்தது.